அடுத்த தெரு

மார்ச் 4

அண்ணா,

போன்ல பேசினா நீ கத்துவ, நான் வச்சிடுவேன். அதனால உன் நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்கேன். இனிமே என்ன சொல்லணும்னாலும் எழுது. காகிதத்துல நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் காது வலிக்காது. முக்கியமா, நான் பேசும்போது உன்னால குறுக்க வர முடியாது.

நான் எங்க இருக்கேன்னு அண்ணி சொல்லியிருப்பாங்க. சைக்கிள் கடைக்கு மேல ஒரு மாடி அறை. கீழ டியூபுக்கு ஒட்டுப் போடற பசை வாசனை நேரா மேல ஏறி வரும். ஏணி மாதிரி ஒரு படிக்கட்டு. ரெண்டு பெரிய ஜன்னல், அதுக்காகத்தான் இந்த அறையை எடுத்தேன். உன் தையல் பட்டறையில பகல்லயும் குழல்விளக்குதானே எரியும். இங்க மத்தியானம் வரைக்கும் விளக்கே வேண்டாம்.

நாங்க நாலு பேர். உன் கட்டிங் மேசையில நின்ன நெட்டை என்கூட வந்துட்டா. பொத்தான் ஓட்டைக்குக் காஜா போடற அக்காவும் வந்துட்டாங்க. நாலாவது ஆள் இந்த ஊர்க்காரி. பஸ்ல கண்டக்டரா இருந்தவ. ஊசியில நூல் கோக்கத் தெரியாது, ஆனா அவ ஒரு தடவை குரல் கொடுத்தா தெருவே திரும்பிப் பார்க்கும். விக்கறதுக்கு அவதான்.

நான் சம்பளத் தகராறுல போயிட்டேன்னு நீ எல்லார்கிட்டயும் சொல்றியாம். அதை மட்டும் திருத்திக்கோ. உனக்கு ஆர்டர் கொடுக்கற கம்பெனிக்காரன் விக்காத குழந்தைக் கவுன்களைத் திருப்பி அனுப்பினான். யாரும் போட்டுக்க முடியாதபடி கிழிச்சுப் போடச் சொன்னான். அதைத் தைச்ச பொம்பளைங்க கையிலயே நீ பிளேடைக் கொடுத்த. காஜா அக்கா, "என் பேத்திக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கவா தம்பி?"ன்னு கேட்டாங்க. நீ அவங்க முகத்தைப் பார்க்காம, "ரூல் இல்லக்கா"ன்னு சொன்ன. நான் பிளேடை உன் மேசையில வச்சுட்டுப் படி இறங்கினேன். நடந்தது அவ்வளவுதான்.

இப்ப சட்டை தைக்கப் போறோம். பொம்பளைங்களுக்கு, கை முழுசா நுழையற பாக்கெட் வச்ச சட்டை. துணி அடுத்த தெருவுல ஒரு தறிக்கொட்டகையில நெய்யறது. சாயம் அதுக்குப் பின்கட்டுல போடறது. போட்டுக்கப் போறவங்களும் இந்தச் சுத்துவட்டாரம்தான். தையல் பிரிஞ்சா படியேறி வந்து என்னை நேராத் திட்டலாம். அதனால லேபிள்ல "அடுத்த தெரு"ன்னு பேர் போட்டிருக்கோம்.

உன் தங்கச்சி


மார்ச் 15

கட்டெறும்பு,

நான் கடைசியா எழுதின கடிதம் பள்ளிக்கூடத்துல வயித்துவலின்னு லீவு கேட்டது. அதையும் நீ சொல்லச் சொல்லத்தான் எழுதினேன். இப்ப உன்னையே திட்டி எழுத வேண்டியிருக்கு, பக்கத்துல சொல்லித்தர ஆளில்லை.

பேர் நல்லாத்தான் வச்சிருக்க. அடுத்த தெருவுக்கு மேல போகப் போறதில்லன்னு நீயே முன்கூட்டி எழுதி வச்சுட்ட.

பிளேடைப் பத்தி நீ எழுதினது எல்லாம் உண்மை. நான் மறுக்கலை. ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா என்ன நடந்திருக்கும்? அடுத்த ஆர்டர் வேற ஒருத்தன்கிட்ட போயிருக்கும். அவன் கிழிச்சிருப்பான். இங்க அத்தனை பொம்பளைங்களும் வேலை இல்லாம வீட்டுல உட்கார்ந்திருப்பாங்க. நீ படி இறங்கிப் போயிட்ட. மேல நின்னவன் நான். கௌரவமா இறங்கிப் போறது சுலபம்டி.

நெட்டை போனதுல இருந்து கட்டிங் மேசையில தினமும் சண்டை. உனக்குச் சந்தோஷமா இருக்கும்.

ஆறு மாசம் பார்ப்பேன். அப்புறம் நீ வருவ. உன் நாற்காலியை எடுக்காம வச்சிருக்கேன்.

அண்ணன்


ஏப்ரல் 28

அண்ணா,

அந்த நாற்காலியை யாருக்காவது கொடுத்துடு. முதுகு சாய வசதி இருக்கற நாற்காலி உன் பட்டறையில அது ஒண்ணுதான். மத்தவங்க எல்லாம் முக்காலியில உட்கார்ந்துதானே தைக்கறாங்க? இங்க நாலு பேருக்கும் சாய்மானம் உண்டு. பழைய சினிமா கொட்டகையை இடிச்சப்போ கிடைச்சது. கண்டக்டர் தினமும் "டிக்கெட் எடுத்தாச்சா?"ன்னு கேட்டுட்டுத்தான் உட்கார விடறா.

நல்ல சேதி மட்டும் எழுதினா நீ நம்ப மாட்ட. அதனால கெட்டதையும் சொல்றேன். முதல் தடவை தைச்ச சட்டை எல்லாம் மானத்தை வாங்கிடுச்சு. ஓட்டல்கள்ல தூக்கிப் போடற வெங்காயத் தோலை வாங்கிட்டு வந்து கொதிக்க வச்சு, தறிக்காரர் வீட்டம்மா சாயம் போட்டாங்க. தங்கம் மாதிரி வந்துச்சு. நாங்க நாலு பேரும் வெயில்ல காயற துணியைப் பார்த்துட்டே நின்னோம். பத்து நாள் ஆகலை, ஒரு டீச்சர் படியேறி வந்தாங்க. சட்டையை மேசையில போட்டாங்க. "வேர்த்தா உடம்பெல்லாம் மஞ்சள். ஸ்டாஃப் ரூம்ல எனக்கு மஞ்சக்காமாலையான்னு கேக்கறாங்க"ன்னாங்க. அன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள இன்னும் எத்தனையோ பேர்.

எல்லாத்தையும் திருப்பி வாங்கிட்டோம். காஜா அக்கா ஒரு மூலையில போய் உட்கார்ந்துட்டாங்க. நெட்டை மட்டும், "சாயம் பிடிக்கலைன்னா சாயமே இல்லாம தைப்போம். பஞ்சு என்ன நிறத்துல இருக்கோ அதே நிறம்"ன்னா. அப்படியே தைச்சோம். பாலாடை நிறம். அதுவும் போச்சு, விக்கற அர்த்தத்துலதான் சொல்றேன், மிச்சமில்லாம போச்சு.

சாயம் போட்ட அந்த அம்மா சும்மா இல்லை. துணியை முதல்ல படிகாரத் தண்ணியில ஊறப் போட்டு, அப்புறம் சாயத்துல முக்கிப் பார்த்தாங்க. இப்ப நிறம் நிக்குது. டீச்சர்தான் முதல்ல வந்து வாங்கினாங்க. நாலு தடவை துவைச்சுட்டு வந்து காட்டிட்டும் போனாங்க.

அண்ணிக்கு ஒரு சட்டை அனுப்பியிருக்கேன். நீ போட்டுப் பார்க்காத, உன் தொப்பைக்கு அளவு இல்லை.

தங்கச்சி


மே 12

கட்டெறும்பு,

உன் அண்ணி அந்தச் சட்டையைக் கழட்ட மாட்டேங்கறா. கண்ணாடி, போன், பீரோ சாவி எல்லாம் பாக்கெட்டுக்குள்ள போயிடுச்சு. இப்ப என் வீட்டுல எதைக் கேக்கணும்னாலும் அவ முன்னாடி போய்க் கை நீட்டி நிக்க வேண்டியிருக்கு.

விஷயத்துக்கு வர்றேன். பெரிய ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். ஊருக்கு ஊர் கிளை வச்சிருக்காரே, உன் ஊர்லயும் கடைத்தெரு முக்குல ஒண்ணு இருக்கே, அவர்தான். அண்ணி சட்டையைப் பார்த்தார். காலரைத் திருப்பிப் பார்த்தார். லேபிளைப் படிச்சார். "இப்ப ஜனங்க கேக்கறது இதைத்தான். உள்ளூர், பருத்தி, பொம்பளைங்க கைத்தையல். எவ்வளவு கொடுத்தாலும் எடுத்துக்கறேன்"னார்.

இந்த மாதிரி வாய்ப்பு உனக்கு இன்னொரு தடவை வராது. நீ உன்னால முடிஞ்சதைத் தை. மிச்சத்தை என்கிட்ட விடு. துணி, சாயம், ஆள் எல்லாம் இங்க தயாரா இருக்கு. பேர் உன்னுது, வேலை என்னுது. யாருக்குத் தெரியப் போகுது?

உடனே பதில் போடு. அவர் காத்துட்டு இருக்கார்.

அண்ணன்


மே 20

அண்ணா,

வேண்டாம்.

இதுக்கு மேல எழுத வேண்டாம்னுதான் நினைச்சேன். நீ "அவ யோசிக்கறா"ன்னு அவர்கிட்ட போய்ச் சொல்லுவன்னு தெரியும். அதனால எழுதறேன். நான் யோசிக்கலை. வேண்டாம்.

யாருக்குத் தெரியப் போகுதுன்னு கேட்டிருக்க. எனக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாமப் போனாலும் இது போதும். எங்க நாலு பேர் கை எவ்வளவு ஓடுதோ, அந்தத் தறி எவ்வளவு ஓடுதோ, அவ்வளவுதான் சட்டை. தீர்ந்துபோனா "தீர்ந்து போச்சு, அடுத்த மாசம் வாங்க"ன்னு கண்டக்டர் சொல்றா. ஜனங்க காத்திருக்காங்க. காத்திருந்து வாங்கினதை யாரும் சீக்கிரம் தூக்கி எறியறதில்லை.

நீ என்னைச் சின்னவளா நினைக்கறதை எப்பவோ சகிச்சுக்கப் பழகிட்டேன். சின்னதாவே இருக்கணும்னு நான் முடிவு எடுக்க முடியும்கறது மட்டும் உன் புத்திக்கு எட்டவே மாட்டேங்குது.

அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லு. லேபிளைத் தொட வேண்டாம்னும் சொல்லு.

தங்கச்சி


ஆகஸ்ட் 9

அண்ணா,

நேத்து ஒரு பொண்ணு சட்டையோட வந்தா. அக்குள்ல கிழிஞ்சிருந்துச்சு. கிழிஞ்சா சும்மாவே தைச்சுத் தர்றதுதானே எங்க வழக்கம். நெட்டை வாங்கி உள்பக்கம் திருப்பினா. தையலை விரலால தடவிப் பார்த்தா. அப்புறம், "இது நம்ம கை இல்ல"ன்னா. ஒற்றைத் தையல். துணி பாதிக்குப் பாதி நைலான். கழுத்துல எங்க லேபிள்.

"எங்கம்மா வாங்கின?"ன்னு கேட்டேன். "கடைத்தெரு முக்குல, பெரிய கடையில. உங்களுதுதானே அக்கா?"ன்னா.

காலரைப் பார்த்தேன். பிரியாம இருக்க முனையைத் திருப்பி ஒரு சின்ன எதிர்த்தையல் போட்டிருந்துச்சு. அதை உன் பட்டறைப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். என் கையாலயே என்னை அடிச்சுட்ட.

கத்திரிக்கோலை எடுத்துப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பினேன். கண்டக்டரும் கூட வந்தா. பெரிய கடை முதல் மாடியில ஒரு மேசை முழுக்க அடுக்கி வச்சிருந்தாங்க. மேல பெரிய பலகை, "உங்கள் ஊர், உங்கள் கைகள்"னு. அதுல சிரிச்சுட்டு இருந்த பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது. "இது எங்க தைக்கறாங்க?"ன்னு கேட்டேன். கடைப்பையன், "இதே ஊர்தான் மேடம். சைக்கிள் கடைக்கு மேல"ன்னான்.

"அந்த மாடியில இருக்கறவ நான்தாம்பா"ன்னு சொல்லிட்டு முதல் லேபிளை வெட்டினேன்.

மேனேஜர் ஓடி வந்தார். "என்னம்மா பண்றீங்க?"

"என் பேரைத் திருப்பி எடுத்துக்கறேன். சட்டை உங்களுது, அதுல ஒரு நூலைக்கூடத் தொட மாட்டேன்."

வெட்டிட்டே இருந்தேன். கூட்டம் கூடிடுச்சு. கண்டக்டர் மேசை மேல கையை ஊணிக்கிட்டு, பழைய பஸ் குரல்ல, "இது அடுத்த தெரு போகாது. தப்பா ஏறினவங்க இங்கயே இறங்கிக்கலாம்"னா. ரெண்டு பேர் கையில எடுத்ததைக் கீழ வச்சுட்டாங்க. அப்புறம் காவலாளிங்க வந்து எங்களை வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டாங்க. மரியாதையாத்தான் விட்டாங்க. அதுல ஒருத்தரோட வீட்டம்மா எங்க சட்டைதான் போடறாங்களாம்.

அண்ணிக்கு நான் ஆசையா அனுப்பின சட்டையை வச்சுத்தானே அந்த லேபிளை அச்சடிச்ச? சொல்லு. சொல்லாட்டியும் பரவாயில்லை, எனக்குப் பதில் தெரியும்.


ஆகஸ்ட் 16

தங்கச்சி,

நீ பண்ணின காரியத்தால எனக்குச் சோறு இறங்கலை.

ஆமாம், அண்ணி சட்டையை வச்சுத்தான் பண்ணினேன். நீ வீம்புக்கு வேண்டாம்கறன்னு நினைச்சேன். ஒரு தடவை வித்துக் காட்டிட்டா நீ வழிக்கு வருவன்னு நினைச்சேன். உன் பங்கைத் தனியா எடுத்தும் வச்சிருந்தேன். துணியை மாத்தினது ஜவுளிக்கடைக்காரர். கம்மி விலைத் துணி அனுப்பினார். நான் வாயை மூடிட்டேன். அதுவரைக்கும் என் தப்பு.

ஆனா கடைக்குள்ள போய், நாலு பேர் பார்க்க, கத்திரிக்கோலோட? என்கிட்ட வந்திருக்கலாமே? எனக்கு முகத்துல ரெண்டு அறை விட்டிருக்கலாமே?

இப்ப கேளு. உங்க ஊர் வியாபாரிகள் சங்கத்துல அவர் புகார் கொடுத்திருக்கார். நீ கலாட்டா பண்ணினன்னும், சரக்கைச் சேதப்படுத்தினன்னும். அடுத்த மாசம் முதல் வாரம் கூட்டம். என்னையும் கூப்பிட்டிருக்காங்க. உன் மாடியைக் காலி பண்ண வைக்கணும்னு பேச்சு நடக்குது, சைக்கிள் கடைக்காரரும் சங்கத்துல இருக்கறவர்தானே.

ஒரே ஒரு வார்த்தை போதும். "என்னால முடியலை, அண்ணன்கிட்ட தைக்கக் கொடுத்தேன், துணியில தப்பு நடந்துடுச்சு"ன்னு நீ சொன்னா எல்லாம் அடங்கிடும். புகாரை எடுத்துக்கறேன்னு அவர் என்கிட்டச் சொல்லிட்டார். அவர் ஆர்டர் போச்சுன்னா என் பட்டறையில பாதி மெஷின் நின்னுடும். இது வெறும் என் பிழைப்பு இல்லை, உனக்கே தெரியும். நீ பேர் தெரிஞ்சு கூப்பிடற பொண்ணுங்கதான் அத்தனை பேரும்.

உன்னைக் கெஞ்சறேன்னு வச்சுக்கோ.

அண்ணன்


ஆகஸ்ட் 22

அண்ணா,

நீ கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. அதனால உன் கடிதத்தை மறுபடி மறுபடி படிச்சேன். பதில் மாறலை.

அந்தப் பொண்ணுங்க பேரைச் சொல்லி என்னை மடக்கப் பார்க்காத. கவுன் கிழிச்சதுக்கும் அவங்க பேரைத்தான் சொன்ன. எந்தத் தப்பு பண்ணும்போதும் அவங்களை முன்னாடி நிறுத்திட்டு நீ பின்னாடி நின்னுக்கற. அவங்ககிட்ட ஒரு தடவையாவது கேட்டியா?

நான் கூட்டத்துக்கு வரப்போறதில்லை. என் பேரை எடுத்ததுக்கு நான் ஏன் போய் விளக்கம் சொல்லணும்? வாசல்ல பலகை எழுதி மாட்டிட்டேன்: "பெரிய கடையில் விற்கும் சட்டை எங்களுடையது அல்ல. எங்கள் பேரை நம்பி வாங்கியவர்கள் கொண்டு வாருங்கள். தையலைச் சரி செய்து தருகிறோம். லேபிளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்."

இதுக்கு உள்ளயே பெரிய சண்டை. காஜா அக்கா கொதிச்சுட்டாங்க. "அவன் பண்ணின பாவத்துக்கு நாம ஏண்டி தைக்கணும்? அந்தத் துணியைப் பெருக்கித் தள்ளு"ன்னாங்க. நெட்டை, "நல்லதோ கெட்டதோ, துணின்னு ஒண்ணு ஆகிப் போச்சு. போட்டுக்க ஒரு உடம்பும் இருக்கு. எறிஞ்சா நமக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்?"ன்னா. அக்கா பையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு வந்தாங்க, நேரா மெஷின்ல உட்கார்ந்தாங்க. இப்ப உன் சட்டைகளை அதிகமாச் சரி பண்றது அவங்கதான். ஒவ்வொரு தையலுக்கும் உனக்கு ஒரு வசவு.

சைக்கிள் கடைக்காரர் நேத்து மேல வந்தார். "சங்கத்துல உங்களைக் காலி பண்ணச் சொல்றாங்க"ன்னார். நான் எழுந்து நின்னுட்டேன். "உட்காருங்க. மாடிக்கு வர்றவங்க எல்லாம் கீழ என் கடையில காத்தடிச்சுட்டுப் போறாங்க. உங்களைக் காலி பண்ணிட்டு நான் யார் டயருக்குக் காத்தடிக்கறது? அப்படித்தான் சொல்லிட்டு வந்தேன்"னார்.

நீ கூட்டத்துல என்ன வேணாலும் சொல்லிக்கோ. நான் சம்மதிச்சேன்னே சொல்லு. மறுநாள் தெருவுல நின்னு இல்லன்னு சொல்லுவேன். எங்கிட்ட கண்டக்டர் இருக்கா.


செப்டம்பர் 6

கட்டெறும்பு,

கூட்டம் முடிஞ்சு ஊருக்கு வந்துட்டேன். நடந்ததை நானே சொல்லிடறேன், வேற யார் வாயிலயும் வேண்டாம்.

கூட்டத்துக்கு ரொம்ப முன்னாடியே உங்க ஊருக்கு வந்துட்டேன். உன் தெருவைப் பார்க்கணும்னு தோணுச்சு. எதிர்ப்பக்கம் போய் நின்னேன். படிக்கட்டுல இருந்து சைக்கிள் கடை தாண்டி வரிசை. எல்லார் கையிலயும் நான் தைச்ச சட்டை. காஜா அக்கா குரல் மேல இருந்து கேட்டுச்சு. என்ன சொன்னாங்கன்னு எழுத மாட்டேன், தபால்காரர் படிச்சாலும் படிப்பார்.

சரி பண்ணின சட்டையோட ஒரு அம்மா இறங்கி வந்தாங்க. ஏதோ துணிக்காரன்னு நினைச்சாங்களோ என்னமோ, நேரா என்கிட்ட வந்து உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாங்க. "பாருங்க சார், முன்னாடி எந்தப் பாவி தைச்சானோ, இழுத்தா வருது. இப்ப இழுத்துப் பாருங்க"ன்னாங்க. இழுத்துப் பார்த்தேன். வரலை. "நல்லா இருக்கும்மா"ன்னேன். வேற என்ன சொல்ல?

கூட்டத்துல ஜவுளிக்கடைக்காரர் என் தோள்ல கை போட்டுக்கிட்டு, "உங்க தங்கச்சி சம்மதத்தோடதானே தைச்சீங்க? சொல்லிடுங்க"ன்னார். ஆமாம்னு சொல்லத்தான் எழுந்தேன். சத்தியமா அதுக்குத்தான் எழுந்தேன். வாய் வேற சொல்லிடுச்சு. "கேட்டேன், வேண்டாம்னா. மீறித் தைச்சேன். துணியை மாத்தினது இவர், வாயை மூடிட்டு இருந்தது நான்." அவர் கையை எடுத்துட்டார். புகார் தள்ளுபடி. வெளிய வந்ததும் என் ஆர்டரும் தள்ளுபடி.

பாதி மெஷின் நிக்குது. பொண்ணுங்களைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். நீ கேட்டியே, அவங்ககிட்ட ஒரு தடவையாவது கேட்டியான்னு. கேட்டேன். ரொம்ப நேரம் என்னைத் திட்டினாங்க. அப்புறம் ஒருத்தி, "உங்க தங்கச்சி பண்றதை நாம ஏன் சார் இங்க பண்ணக் கூடாது?"ன்னா. இந்த ஊர்லயும் தறி ஓடுது. உன் அண்ணி அதுக்குள்ள நாலு தறிக்காரங்களைப் பார்த்துட்டே வந்துட்டா.

நான் மன்னிப்பு கேக்கறதுக்காக இதை எழுதலை. அது எனக்கு வராதுன்னு உனக்குத் தெரியும். ஒரே ஒரு விஷயம் கேக்கறேன். உன் பேரை இங்க போட்டுக்கலாமா? இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் பண்ணுவேன். "அடுத்த தெரு, இரண்டாவது கிளை"ன்னு வச்சுக்கலாம். நீ சொல்ற துணி, நீ சொல்ற தையல்.

அண்ணன்


செப்டம்பர் 14

அண்ணா,

நீ எதிர்ப்பக்கம் நின்னதை நான் பார்த்தேன். கண்டக்டர்தான் காட்டினா. "கூப்பிடவா?"ன்னு கேட்டா. வேண்டாம்னேன். இறங்கி வந்திருந்தா ஒண்ணு சண்டை போட்டிருப்பேன், இல்ல அழுதிருப்பேன். ரெண்டுக்கும் நேரமில்லை, வரிசையில அவ்வளவு பேர் காத்திருந்தாங்க.

கூட்டத்துல நீ சொன்னதை அன்னைக்குச் சாயந்தரமே சைக்கிள் கடைக்காரர் வந்து சொன்னார், உன்னை மாதிரியே நடிச்சும் காட்டினார். காஜா அக்கா கேட்டுட்டு, "ஒரு உண்மை சொல்ல இவ்வளவு வயசாச்சா இவனுக்கு?"ன்னாங்க. ஆனா அதுக்கப்புறம் எடுத்த சட்டைக்கு வசவு இல்லாமத் தைச்சாங்க. அதுக்கு அடுத்ததுக்கு மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். முடியாது.

கோபத்துல சொல்லலை, கோபம் இருந்தாலும். இதுக்குக் கிளை கிடையாது அண்ணா. இந்தப் பேர்ல இருக்கற தெரு நீ நின்னு பார்த்த தெரு. அந்தத் தறி, அந்தப் பின்கட்டு, இந்தப் பசை வாசனை. இதை எடுத்துட்டு வந்து உன் ஊர்ல ஒட்டினா, அதுவும் அந்தப் பெரிய கடை பலகையில சிரிச்ச பொண்ணு மாதிரி ஆயிடும். உங்க தெருவுக்கு நீங்க பேர் வையுங்க. உங்க ஊர்ல என்ன பஞ்சு, என்ன சாயம், யார் என்ன போட்டுக்கறாங்கன்னு போய்ப் பாருங்க. முதல் தடவை நிச்சயமாச் சொதப்பும். ஒரு டீச்சர் வந்து மேசையில தூக்கி எறிவாங்க. எறியட்டும். அவங்களை மட்டும் விட்டுடாதீங்க.

அந்தக் கேள்வியைக் கேட்ட பொண்ணு யாருன்னு நீ எழுதலை. ஓரத்து மெஷின்ல உட்கார்றவதானே? அவளை முன்னாடி நிறுத்து. நீ பின்னாடி நில்லு, ஆனா இந்தத் தடவை ஒளியறதுக்கு இல்ல, தூக்கிக் கொடுக்க.

படிகாரம் எவ்வளவு, எவ்வளவு நேரம் ஊறணும்னு தறிக்காரர் வீட்டம்மா சொல்லித் தர்றேன்னாங்க. அதை எழுதி அனுப்ப மாட்டேன்னும் சொல்லிட்டாங்க. கையை விட்டுப் பார்த்தாத்தான் தெரியுமாம். அதனால ஒரு வாரம் வா. அண்ணியையும் அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வா. இங்க முதலாளிக்குன்னு தனி இடம் கிடையாது. தரை பெருக்கறது முறை வச்சு. வந்த அன்னைக்கே உன் முறை.

உன் மேல கோபம் அப்படியேதான் இருக்கு. வரும்போது உனக்கும் என் மேல இருக்கும். அதை வாசல்ல கழட்டி வச்சுட்டு வரணும்னு இல்லை. மேல கொண்டு வா. இந்த அறையில எல்லார்கிட்டயும் அது இருக்கு. அதை வச்சுத்தான் இங்க வேலையே நடக்குது.

தங்கச்சி